பன்னிரண்டரை என்று நான் எழுதிய கேட் பாஸ்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

திருவொற்றியூரில் ஓர் இரும்பு வார்ப்புத் தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் இருபத்தெட்டு ஆண்டுகள் எழுத்தராக இருந்தேன். பள்ளியில் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுதக் கற்றது அலுவலகத் தாள்களைப் பார்த்துத்தான். தொழிலாளி உள்ளே வந்த நேரத்தையும் வெளியே போன நேரத்தையும் எழுதுவதே என் வேலை. அதில் நான் செய்த ஒரு தவறு, பிரசவத்தில் பாதிக்கப்பட்ட ஒரு குழந்தையின் வழக்கைக் கெடுத்துவிட இருந்தது. அதே நிலையில் உள்ள பெற்றோர் எவரேனும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

1. பத்து இருபது

தொண்ணூறுகளின் கடைசி. ஒரு நாள் காலை டைம் ஆபீஸ் தொலைபேசி ஒலித்தபோது சுவர்க் கடிகாரம் பத்தேகால் காட்டியது. மோல்டிங் பிரிவில் வேலை செய்த ஏழுமலையின் பக்கத்து வீட்டுப் பெண் பேசினாள்.

"சார், ஏழுமல பொஞ்சாதிக்கு வலி வந்து நர்சிங் ஹோமுல சேத்துட்டோம். அவர சீக்கிரம் அனுப்பு சார்."

தலைப்பிரசவம். இ.எஸ்.ஐ. மருத்துவமனை தொலைவு என்பதால் வீட்டருகே ஒரு தனியார் நர்சிங் ஹோமில் பணம் கட்டிப் பார்த்து வந்தார்கள். ஏழுமலை கரி அப்பிய கையோடு ஓடிவந்தான்.

எங்கள் ஆலை விதிப்படி மதிய மணி அடிப்பதற்கு முன் வெளியே போனால் அரை நாள் சம்பளம் பிடிப்பார்கள். மதிய மணி பன்னிரண்டரைக்கு. ஆகவே அவசரமாகப் போகிறவனுக்கு நேரம் எழுதாத கேட் பாஸைக் கொடுத்து அனுப்பிவிட்டு, பிற்பாடு எங்கள் நகலில் 12.30 என்று நிரப்பிவிடுவோம். எனக்கு முன் இருந்த எழுத்தரும் அப்படியே செய்தார். இதற்கு ஆலையில் 'பன்னண்டரை போடுறது' என்று பெயர்.

"சார், பன்னண்டரை போட்டுடுவியா?"

"போடறேன், நீ ஓடு."

கேட்டில் இருந்த காவலர் தங்கராஜ் தூத்துக்குடிக்காரர், முன்னாள் படைவீரர். "ஒங்க நோட்டுல என்னத்தையும் எழுதிக்கோங்க அண்ணாச்சி, எங்கிட்ட சொல்லாதீக" என்பார். தம் பதிவேட்டில் அவர் 10.20 என்று எழுதினார். அவர் பதிவேடு செக்யூரிட்டி அறையின் பரணுக்குப் போகும். என் தாள் சம்பளப் பிரிவுக்குப் போகும். இரண்டும் ஒரே மேசைக்கு வந்ததில்லை.

அன்று மாலை நான்கு மணிக்குச் சற்று முன் ஆபரேஷன் செய்து பெண் குழந்தையை எடுத்தார்கள் என்று செய்தி வந்தது. குழந்தை பிறந்தால் தகப்பன் டைம் ஆபீஸுக்கு ஆரஞ்சு மிட்டாயாவது கொண்டுவருவது எங்கள் வழக்கம். ஏழுமலை பத்து நாள் கழித்து வந்தான். கையில் ஒன்றும் இல்லை. நானும் கேட்கவில்லை.

2. எல்லோரும் கேட்ட கேள்வி

குழந்தைக்குக் கீர்த்தனா என்று பெயர் வைத்தார்கள். ஏழாம் மாதத்திலிருந்து ஏழுமலை வாரந்தோறும் ஆஸ்பத்திரிக்கென்று கேட் பாஸ் கேட்டான். ஒரு நாள் உட்காரவைத்து விசாரித்தேன்.

"தலயே நிக்கல சார். கட்ட வெரல உள்ள மடக்கிக்கினு கைய இறுக்கமா மூடிக்கினே கீது. தூக்குனா ரெண்டு காலும் கத்திரிக்கோலு மாரி பின்னிக்குது. பொறந்த வாரத்துலயே ஒரு தபா வலிப்பு வந்துச்சு. எந்த டாக்டராண்ட போனாலும் மொதல்ல ஒண்ணுதான் கேக்குறாங்க. பொறந்தவொடனே அழுதுச்சான்னு."

"அழுததா?"

"இல்ல சார். கண்ணாடிப் பொட்டில வெச்சிட்டாங்க. மூணு நாளு எங்களுக்குக் காட்டவே இல்ல."

நர்சிங் ஹோமில் அதைப் பிறவிக் கோளாறு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். உறவினர்கள், கிரகணத்தன்று வாசலுக்கு வந்தாய் என்று தாயைக் குறை சொன்னார்கள். அவன் மனைவி தேவகி என்னிடம் சொன்னது வேறு.

"ஒம்போதரைக்கு சேத்தாங்க சார். போனவொடனே ட்ரிப்ஸ் போட்டு, வலி ஏறறதுக்கு மருந்த அதுலயே குத்துனாங்க. பன்னண்டு மணிக்குத் தண்ணி ஒடஞ்சுது. பச்சையா வந்துச்சு. நர்ஸாண்ட சொன்னேன். 'புள்ள பெத்துக்க வந்தியா, கலரு பாக்க வந்தியா'ன்னு கேட்டுச்சு. டாக்டரு வந்தப்போ மணி மூணு."

பனிக்குட நீர் பச்சையாக வருவது, வயிற்றுக்குள் குழந்தை திணறுவதற்கு அடையாளமாக இருக்கக்கூடும் என்பது அன்று எங்களில் யாருக்கும் தெரியாது.

3. வக்கீல் அம்மா

யூனியன்காரர்கள் சொல்லி, ராயபுரத்தில் ஒரு பெண் வழக்கறிஞரிடம் போனோம். தாள்களை வரிசைப்படுத்திக் கொடுக்க நானும் உடன் சென்றேன். குழந்தைக்கு அப்போது ஒன்றேகால் வயது. அவர் முதலில் சொன்னது எங்களுக்குப் பிடிக்கவில்லை.

"இப்படிப் பிறக்கிற குழந்தை எல்லாமே டாக்டர் தப்பால இல்லை. அதை முதல்ல புரிஞ்சுக்கோங்க. சம்பந்தமில்லாத ஒரு டாக்டர் பேப்பரைப் பார்த்துச் சொல்லணும். பணம் கட்டிப் பார்த்ததால நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம். ஆனா ரெண்டு வருஷக் கெடு இருக்கு. இனி ஒரு நாளும் வீணாக்காதீங்க."

எங்களிடம் இருந்தது டிஸ்சார்ஜ் சீட்டு ஒன்றே. சிகிச்சை விவரம் எழுதிய கேஸ் ஷீட்டின் நகலைக் கேட்டபோது நர்சிங் ஹோமில் கொடுக்கவில்லை. குழந்தை நரம்பு மருத்துவர் ஒருவர் குழந்தையையும் அந்தச் சீட்டையும் பார்த்து இவ்வாறு சொன்னார்: "பிறக்கும்போது மூளைக்கு ஆக்ஸிஜன் குறைஞ்சிருக்கு. அம்மா காலையிலயே அங்க இருந்தாங்கன்னா, குழந்தையோட இதயத் துடிப்பை அப்பப்போ பார்த்து முன்னாடியே ஆபரேஷன் செஞ்சிருக்கணும். மதியம் ஒரு மணிக்கு மேல, தண்ணி உடைஞ்சு வந்தாங்கன்னா அவங்களைக் குத்தம் சொல்றது கஷ்டம்."

ஆக, தேவகி எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தாள் என்பதில் வழக்கு முழுவதும் நின்றது.

மனு போட்டோம். நர்சிங் ஹோமின் பதில் வந்தது. பகல் 1.15க்கு, நீர் உடைந்து பச்சையாகப் போன நிலையில் அழைத்து வந்தார்கள் என்று கேஸ் ஷீட்டில் இருந்தது. அதற்குத் துணையாக எங்கள் ஆலைக்கு எழுதிக் கேட்டு வாங்கிய ஒரு நகலையும் இணைத்திருந்தார்கள். ஏழுமலையின் கேட் பாஸ். வெளியேறிய நேரம் 12.30. என் கையெழுத்து.

வழக்கறிஞர் அதை ஏழுமலையின் பக்கம் தள்ளினார். "பத்தரைக்கே அங்க இருந்தேன்னு பிரமாணப் பத்திரம் கொடுத்திருக்கீங்க. இது என்ன?"

அவன் தாளைப் பார்த்தான். பக்கத்தில் அமர்ந்திருந்த என்னைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"தெரியல மேடம்."

"உங்க கம்பெனி பேப்பர் உங்களுக்கே தெரியாதா? என்கிட்ட பொய் சொன்னா நான் இந்தக் கேஸை நடத்த மாட்டேன்."

"பொய் இல்ல மேடம். ஆனா... தெரியல."

பொய்ப் பதிவு செய்தால் வேலை நீக்கம் வரை தண்டனை உண்டு. எனக்கு ஓய்வு பெற இரண்டு ஆண்டுகள் இருந்தன. ஐயா, அம்மையீர், அந்த நாற்காலியில் நான் வாய் திறக்கவில்லை.

பேருந்தில் அவனே என்னைத் தேற்றினான். "வுடு சார், இதுக்குப் போயி பேஜாராவாத. எனக்காவத்தான பன்னண்டரை போட்ட? உன்ன மாட்டிவுட்டுட்டு எம்பொண்ணுக்கு நாயம் வாங்கணுமா?"

4. அலாரம் கடிகாரம்

அடுத்த ஞாயிறு அவன் வீட்டுக்குப் போனேன். ஏழுமலை கடைக்குப் போயிருந்தான். தேவகி குழந்தையை மடியில் நிமிர்த்தி வைத்து, அதன் தாடையை ஒரு விரலால் தாங்கிக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். எதிரே ஓர் அலாரம் கடிகாரம் இருந்தது.

"கடிகாரம் எதற்கம்மா?"

"ஒரு வாய்க்கும் இன்னொரு வாய்க்கும் டைம் வுடணும் சார். அவசரப்பட்டா பொர ஏறிக்கும். ஒரு வேளைக்கு ஒண்ணர மணி நேரம் ஆவும்."

கேட் பாஸ் விஷயத்தை அவளிடம் ஏழுமலை சொல்லியிருக்கவில்லை. போய்ச் சேர்ந்தது ஒன்பதரைதானா என்று கேட்டேன்.

"வலில கெடக்குறவ மணிய வுட்டா வேற இன்னாத்த சார் பாப்பா?"

அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கிண்ணத்தில் கால் பங்குகூடக் குறையவில்லை.

திங்கட்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு வழக்கறிஞரிடம் சென்று, அந்த நேரத்தை நான்தான் பொய்யாக எழுதினேன் என்று கூறினேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"போன வாரம் இதே இடத்துலதானே உட்கார்ந்திருந்தீங்க?"

"ஆமாம் அம்மா."

5. இரண்டு புத்தகமும் ஒரு மேசையில்

தங்கராஜிடம் பழைய பதிவேடு உண்டா என்று கேட்டேன். "பரண்ல கெடக்கு அண்ணாச்சி. எலி ஒங்க பக்கமா நர்சிங் ஹோம் பக்கமான்னு பாத்துட்டுத்தான் சொல்லணும்" என்றார். எலி ஓரத்தை மட்டுமே தின்றிருந்தது. மன்றத்தின் உத்தரவு பெற்று அதனை வரவழைத்தார்கள்.

ஆலையின் பர்சனல் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். "ஏன்யா, ரிட்டயர் ஆகப் போற நேரத்துல எதுக்கு இந்த வேலை? வாச்மேன் பொஸ்தகம் தப்புன்னு ஒரு வரி எழுதிக் குடு, முடிச்சிடலாம்."

"அது சரியான புத்தகம் சார். தப்பு என்னுடையது."

"அப்ப சார்ஜ் ஷீட் வாங்கிக்கோ."

வாங்கிக்கொண்டேன்.

மன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் என்னை நின்றபடியே கேட்டார். "நீங்க பொய் நேரம் எழுதுறவர்னு நீங்களே சொல்றீங்க. இன்னைக்குச் சொல்றதை மட்டும் எப்படி நம்புறது?"

"அன்று எழுதியதால் எனக்கு நல்ல பெயர் கிடைத்தது ஐயா. இன்று சொல்வதால் வேலைக்கு ஆபத்து. இதில் எது பொய்யாக இருக்கும் என்று தாங்களே பாருங்கள்."

மன்றத் தலைவர் பதிவேட்டையும் கேட் பாஸையும் அருகருகே வைத்துப் பார்த்தார். பிறகு நர்சிங் ஹோமின் கேஸ் ஷீட்டைக் கேட்டு வாங்கினார். 1.15 என்ற எண்ணின் கீழே முதலில் வேறோர் எண் இருந்ததற்கான தடம் தெரிந்தது. அதை எழுதியவர் யாருக்கு உதவ எழுதினாரோ நான் அறியேன். நான் எழுதியதும் ஓர் உதவிக்காகத்தான்.

6. மிட்டாய்

காலையிலிருந்து மூன்று மணி வரை மருத்துவர் எவரும் பார்க்கவில்லை, குழந்தையின் இதயத் துடிப்பைக் குறித்த ஒரு வரிகூட இல்லை என்று சொல்லித் தீர்ப்பு ஏழுமலைக்கு ஆதரவாக வந்தது. மேல்முறையீடு சில ஆண்டுகள் இழுத்தது, முடிவு மாறவில்லை. தொகை குழந்தையின் பெயரில் வங்கியில் போடப்பட்டது. பயிற்சிக்கும் சக்கர நாற்காலிக்கும் அதிலிருந்து எடுக்கிறார்கள். கீர்த்தனா நடக்கவில்லை. தலை நிற்கிறது.

எனக்கு வேலை போகவில்லை. சம்பள உயர்வு நின்றது; ஹெட் டைம் கீப்பர் பதவி இல்லை என்றாயிற்று. அதன்பின் எவருக்கும் நான் பன்னண்டரை போடவில்லை. "இன்னா சார், திடீர்னு அரிச்சந்திரன் ஆயிட்டியா?" என்று ஆலைப் பையன்கள் ஏசினார்கள். யூனியன் பேசி, வீட்டில் பிரசவம் அல்லது விபத்து என்றால் சம்பளம் பிடிக்கக்கூடாது என்று விதியை மாற்ற ஓராண்டு ஆயிற்று. முதலிலேயே கேட்டிருக்க வேண்டியது அதுதான்.

நான் கற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிறந்த குழந்தை அழவில்லை, வலிப்பு வந்தது, பால் உறிஞ்சவில்லை, ஒரு கை அசையவில்லை, மாதங்கள் போயும் தலை நிற்கவில்லை என்றால், விதி என்று வீட்டில் வைத்திராமல் வேறு மருத்துவரிடம் காட்டுங்கள். கேஸ் ஷீட்டின் நகலை எழுத்துமூலம் கேளுங்கள். இப்போது எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. தவறு என்று ஐயம் வந்தால் கெடு முடியும் முன் வழக்கறிஞரைப் பாருங்கள். வசதி இல்லாதவர்களுக்கு இலவச சட்ட உதவியும் உண்டு. உள்ளே போன நேரம், மருத்துவர் வந்த நேரம், பிறந்த நேரம் மூன்றையும் அன்றே எழுதிவையுங்கள். நடந்த நேரத்தையே எழுதுங்கள்.

நான் ஓய்வு பெற்ற நாளில், மாலை போட்டு முடித்ததும் ஏழுமலை டைம் ஆபீஸ் ஜன்னலில் ஒரு பொட்டலத்தை வைத்தான். ஆரஞ்சு மிட்டாய்.

"பொண்ணு பொறந்ததுக்கு சார். அப்போ குடுக்கல."

வாங்கிக்கொண்டு, பழக்கதோஷத்தில் கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு மணி ஐந்து நிமிடம்.

ஐயா, அம்மையீர், இந்தத் தாள்களைப் படித்து முடித்ததும் எறிந்துவிடாமல், வீட்டில் பிரசவச் சீட்டு வைக்கும் இடத்தில் வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.