கால் மில்லிமீட்டர் வில்லை

ஐந்து இடத்தில் தடிமனை அளக்காமல் பூங்கோதை எந்த வில்லையையும் கருவியில் வைத்ததில்லை. நடுவில் ஒன்று, ஓரங்களில் நான்கு. ஐந்து எண்களும் ஒத்துவராவிட்டால், மறுபடி தேய்த்துக் கொண்டுவா என்று திருப்பி அனுப்பிவிடுவாள். தெற்கு தில்லியிலிருந்த அந்த ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்காக வரும் பிள்ளைகள் அவளுக்கு ‘கஸ்டம்ஸ் ஆன்ட்டி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அது காதில் விழுந்த பிறகும் அவள் ஆறாவது இடத்தில் அளக்கத் தொடங்கவில்லை. அந்த மட்டில் அது அவள் காட்டிய கருணை.

ஜனக்புரியில் வளர்ந்தவள். விழுப்புரத்திலிருந்து எழுத்தர் வேலைக்கு வந்த அப்பா மாணிக்கவாசகம் திடீரென்று இறந்தபோது, பட்டயப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு இங்கே உலைக்குக் காவலாகத் தினக்கூலியில் சேர்ந்தாள். கருவிகளோடு வரும் ஆங்கிலக் கையேடுகளைப் பேருந்திலும், பிறகு மெட்ரோவிலும் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்தாள். கெட்டுப்போன கருவியைப் பிரித்து, சேர்த்து, மறுபடி பிரித்துக் கற்றாள். இருபத்திரண்டு வருடம் ஆகியும் ஒப்பந்த வேலைதான். ஒவ்வொரு மார்ச்சிலும் கூடத்தின் தலைவர் கஸ்தூரிரங்கன் கையெழுத்திட்டால் அடுத்த வருடம் உண்டு.

அவர்கள் செய்துகொண்டிருந்தது ஒருவகைப் பீங்கான் வில்லை. அழுத்தினால் மின்சாரம் தரும். மின்சாரம் கொடுத்தால் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நீளும். மருத்துவமனை ஸ்கேன் கருவிக்குள் இருப்பது அப்படிப்பட்ட ஒன்றுதான். ஆனால் நன்றாக நீளும் பழைய வகையில் பாதிக்கு மேல் ஈயம். விஷம். ஈயமே இல்லாமல் அதே அளவு நீளும் ஒன்றைச் செய்யத்தான் உலகமெங்கும் போட்டி.

அந்தப் பிப்ரவரியில் ரமேஷ்குமார் என்ற மாணவன் செய்த வில்லை ஒன்று நூற்றுக்கு 0.9 பங்கு நீண்டது. ஈயம் கலந்ததே அதில் பாதிகூட நீளாது. கஸ்தூரிரங்கன் அன்றைக்கே கூடத்தில் எல்லோருக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தார். கட்டுரை தயாரானது. அளவைத் தாளில் அளந்தவர் கையெழுத்து மட்டும் பாக்கி.

பூங்கோதை ஜிலேபியைத் தின்றாள். கையெழுத்துப் போடவில்லை.

“என்னம்மா, ரெண்டு நாளாச்சு. ஜல்தி போட்டுக் குடுங்கோ” என்றார் கஸ்தூரிரங்கன்.

“வில்லை கால் மில்லிமீட்டர் சார். நாம எப்பவும் ஒரு மில்லிமீட்டர்ல தானே அளப்போம்?”

“நம்ம சப்ளை நாலாயிரம் வோல்ட்டுக்கு மேல போகாது. மெல்லிசா தேச்சாத்தானே ஃபீல்ட், அதான் மில்லிமீட்டருக்கு இத்தனை வோல்ட்டுங்கறத, ஏத்த முடியும்? அவன் புத்திசாலித்தனமாத்தான் பண்ணிருக்கான்.”

“ஏத்துனது சரி சார். ஆனா அது நீளல. வளையுது.”

“வளையறதா?”

“அப்பளம் எண்ணெயில போட்டா நடுவுல எழும்புதுல்ல, அந்த மாதிரி. அளக்குற ஊசி நடுவுல நிக்குது. அது எழும்புறத ஊசி நீளுதுன்னு எழுதுது.”

கஸ்தூரிரங்கன் சிரித்தார். “முப்பது வருஷமா இதையே பண்றேன். அப்பளம் கதை எங்கிட்டயா?”

“கதையில்ல சார். வாங்க.”

அவள் இரண்டு வில்லைகளை எடுத்து வைத்திருந்தாள். ஒரே பொடி, ஒரே உலை, ஒரே நாள். ஒன்று ஒரு மில்லிமீட்டர், மற்றது கால். தடிமனுக்கேற்ப வோல்ட்டைக் கூட்டிக் குறைத்து, ரமேஷ் கொடுத்ததைவிடக் குறைவாக, இரண்டுக்கும் ஒரே மின்புலம் கொடுத்தாள். தடித்தது 0.12. மெல்லியது 0.6. பிறகு மெல்லியதை, தீப்பொறி பறக்காமல் இருக்க அது மூழ்கியிருந்த எண்ணெயிலிருந்து இடுக்கியால் எடுத்து, தலைகீழாகப் புரட்டி வைத்தாள். அதே மின்சாரம். சற்றுமுன் திரையில் மேலே ஏறிய கோடு இப்போது கீழே இறங்கியது.

“நெஜமா நீளுற பொருள் புரட்டிப் போட்டா சுருங்குமா சார்?”

கஸ்தூரிரங்கன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். புரிந்துவிட்டது என்பது அவர் கண்ணாடியைக் கழற்றியதில் தெரிந்தது. மறுபடி மாட்டிக்கொண்டபோது குரல் தணிந்திருந்தது.

“அச்சா. புரட்டி அளக்கணும்னு எந்தக் கட்டுரையிலயும் எவனும் கேக்கறதில்லை. மார்ச் கடைசியில உங்க ஃபைல் என் டேபிளுக்கு வரும், தெரியுமோல்லியோ?”

“தெரியும் சார். வெச்சுக்குங்க.”

“ரமேஷையே போடச் சொல்லிடறேன்.”

“சொல்லுங்க. மெஷின் ரிஜிஸ்டர்ல ரெண்டு கோட்டையும் தடிமனோட எழுதி நான் கையெழுத்து போட்டுட்டேன். பக்கத்துக்கு நம்பர் இருக்கு, கிழிக்க முடியாது. யாராவது கேட்டா காட்டுவேன்.”

“யார் கேக்கப் போறா?”

“கேக்கலன்னா நானே சொல்லுவேன்.”

மார்ச் முடிந்தது. கோப்பு நகரவில்லை. ஏப்ரல் முதல் தேதி காலை ஒன்பது மணிக்கு, காலாவதியான அடையாள அட்டையோடு பூங்கோதை வாசலுக்கு வந்தாள். உள்ளே விட முடியாது என்றான் காவலாளி. “விடவேண்டாம் அண்ணா, நிக்கிறேன்” என்று இந்தியில் சொல்லிவிட்டு நின்றாள். மறுநாளும் நின்றாள். உள்ளே போகும் விஞ்ஞானிகள் ஏன் என்று கேட்டார்கள். கேட்ட ஒவ்வொருவருக்கும் கால் மில்லிமீட்டரில் தொடங்கி விவரமாகச் சொன்னாள். நான்காம் நாள், கேட்காதவர்களுக்கும் தெரிந்திருந்தது.

ஐந்தாம் நாள் ரமேஷ்குமார் உள்ளிருந்து ஓடி வந்தான். தில்லியில் பிறந்தவன், தமிழ் அவனுக்குத் தட்டுத்தடுமாறித்தான் வரும்.

“ஆன்ட்டி, நானும் சைன் பண்ணல. நானே உல்ட்டா பண்ணிப் பாத்தேன். நீங்க சொன்னது கரெக்ட். சார் கட்டுரையை அனுப்பல, கேன்சல் பண்ணிட்டாரு. என் ஒரு வருஷம் பர்பாத்.”

“வீணாகலடா. பாயிண்ட் ஒண்ணு ரெண்டுன்னு ஒரு நெஜமான நம்பர் இருக்கு. கையில என்ன?”

அவளுடைய நீட்டிப்பு ஆணை. கஸ்தூரிரங்கன் கையெழுத்திட்டிருந்தார். பன்னிரண்டு மாதம் என்று அச்சிட்டிருந்ததை அடித்துவிட்டு, மூன்று என்று பேனாவால் எழுதியிருந்தார்.

பூங்கோதை அதை இரண்டு முறை படித்தாள்.

“மூணு மாசம்னா நாப்பது வில்லை அளக்கலாம்” என்று சொல்லிவிட்டுக் காவலாளியிடம் தாளை நீட்டினாள். “நட ரமேஷ், தடிச்ச வில்லையா நாலு தேச்சுக் குடு. அஞ்சு எடத்துலயும் சமமா இருக்கணும்.”