ரேலீனின் வகுபடாத எண்

புல்தரையில் பந்து உருட்டி ஆடும் எங்கள் பவுல்ஸ் கிளப்பில் நான் பீர் ஊற்ற ஆரம்பித்த நாளிலிருந்து ரேலீன் தன் கிளாஸுக்குத் தானேதான் காசு கொடுப்பாள். டாஸ்மேனியாவின் இந்த ஊரில் நாலு பேர் சேர்ந்து குடித்தால், ஆளுக்கொரு சுற்று எல்லோருக்கும் வாங்கித் தர வேண்டும். முறை தவறுகிறவனை நாய்கூட மதிக்காது. ரேலீனோ எந்தச் சுற்றிலும் சேரவே மாட்டாள்.

"நானும் யாருக்கும் கடன்பட மாட்டேன், எனக்கும் யாரும் படவேணாம்" என்பாள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். இரண்டு புருஷன்களைத் துரத்தியவள். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவள். எனக்கு அவளைப் பிடிக்கும், கொஞ்சம் பயமும் உண்டு.

அவளுடைய பைத்தியம் பகா எண்கள். ஒன்றையும் தன்னையும் தவிர எதற்கும் வகுபடாதவை. "அதுங்க என்னை மாதிரி" என்பாள். அப்படி ஒன்றைத் தானே கண்டெடுத்ததாக நம்பினாள்: 118901521. இருநூறு வரை வகுத்துப் பார்த்தாள், மசியவில்லை. பிறகு கம்ப்யூட்டரில் ஒரு சோதனை. அந்த எண் எத்தனையோ அத்தனை இரண்டுகளைப் பெருக்கி, அதே எண்ணால் வகுத்தால், பகா எண் என்றால் மிச்சம் இரண்டு வர வேண்டும். வந்தது. மூன்று, ஐந்து, ஏழு எல்லாவற்றுக்கும் சரியாக வந்தது. வெளுத்ததெல்லாம் பாலென்று நம்பி, தான் குடியிருக்கும் கேரவன் வண்டியின் பக்கவாட்டில் முழ உயரத்துக்குச் சிவப்புப் பெயின்டில் எழுதிவிட்டாள்.

அவள் பக்கத்தில் உட்கார அனுமதி பெற்ற ஒரே ஆள் மெர்வ். ஓய்வுபெற்ற பிளம்பர், அவனுக்கும் எண் கிறுக்கு. ஒரு சனிக்கிழமை அவள் வருவதற்கு முன் என்னிடம் வந்து முனகினான்.

"அது பகா எண் இல்ல. சொன்னா என்கூடப் பேசவே மாட்டா. சொல்லாம பக்கத்துல எப்படி உக்கார்றது?"

"வாய மூடிட்டுக் குடி" என்றேன். கேட்டானா? அவள் வந்து உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிட்டான்.

"ரேலீன், அது 271-ல வகுபடுது."

"போடா. எல்லாச் சோதனையும் தேறிடுச்சு."

"அதான் அதோட குணமே. கார்மைக்கேல் எண்ணுன்னு பேரு. அந்தச் சோதனையில பகா எண் மாதிரியே நிக்கும். 271, 541, 811, மூணையும் பெருக்கிப் பாரு, உன் நம்பர்தான்."

ரேலீன் பாதிக் கிளாஸை அப்படியே வைத்துவிட்டுப் போனாள். வாரக்கணக்கில் வரவில்லை. மெர்வ் மட்டும் வந்து அந்தக் காலி நாற்காலிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். நான் சொன்னேனா இல்லையா என்று குத்திக்காட்ட நினைத்தேன். அவன் முகத்தைப் பார்த்தால் மனசு வரவில்லை.

மழை பெய்த ஒரு மத்தியானம் ரேலீனின் கேரவன் கிளப் வாசலில் வந்து நின்றது. எண் அப்படியே இருந்தது. அதன் அடியில் புதுப் பெயின்டில் 271, 541, 811.

"அழிக்கலையா?" என்றான் மெர்வ்.

"எதுக்கு அழிக்கணும்? இந்த மூணு மட்டும் நிஜமாவே பகா எண்தான். உன்னை நம்பல, நானே பாத்துட்டேன்."

உள்ளே வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்து என்னிடம் காசை நீட்டினாள்.

"மூணு ஊத்து. ஒண்ணு உனக்கு."

அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு ஊற்றியதில் நுரை வழிந்தது. ரேலீன் மெர்வை முறைத்தாள்.

"அடுத்த சுற்று உன்னோடது. ஏமாத்திட்டு ஓடிடாதே."