ஆறு மணிக்குள் வீடு திரும்பிய கோல்கீப்பர்

பாண்டியம்மாள் போய்விட்ட செய்தி எனக்கு ஆபீஸ் டெலிபோனில் வந்தது. காலை பதினொன்றரை மணி இருக்கும். பியூன் வந்து, "மேடம், கப்பலூர்ல இருந்து போன்" என்றதும் எழுந்து ஓடினேன். கப்பலூரிலிருந்து என்னைக் கூப்பிட ஒரே ஒரு வீட்டார்தான் உண்டு. அவள் கணவர் மூர்த்தி பேசினார். "அக்கா, பாண்டி போயிட்டாக்கா. விடியக்காலம். சீக்கிரம் வந்துருங்க" என்றார். மஞ்சள் காமாலை என்று மூன்று வாரமாகப் படுத்திருந்தாள். வயது முப்பத்து நான்கு. ரிசீவரை வைக்க மறந்து அப்படியே நின்றுகொண்டிருந்தேன் என்று மேனேஜர் பிறகு சொன்னார்.

அவளோடு மாவட்ட அணியில் ஆடியவர்களும், கப்பலூர் போல்ட் கம்பெனியில் அவளோடு வேலை பார்த்தவர்களும் இதைப் படிப்பீர்கள். நாம் அவளைக் 'கோழி' என்றுதான் கூப்பிட்டோம். ஆறு மணி அடிக்கும் முன் வீட்டுக்கு ஓடிவிடுவாள் என்பதால் வந்த பெயர் அது. சினிமாவுக்கு வரமாட்டாள், கல்யாண ரிசப்ஷனுக்கு வரமாட்டாள். கேட்டால், "எங்கப்பா கொன்டேபுடுவாரு" என்பாள். அந்த அப்பாவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவர் கூலி வேலை முடிந்து வந்து மகளின் பூட்ஸைத் துடைத்து வைக்கிற மனிதர். ஒரு ஈயைக்கூட அதட்டத் தெரியாதவர். உண்மைக் காரணத்தை எழுதலாமா என்று மூர்த்தியிடம் கேட்டேன். "எழுதுங்கக்கா. இனிமே யாரு அவளைய டீம்ல இருந்து எடுக்கப் போறா?" என்றார்.

பாண்டியம்மாளுக்கு மாலைக்கண். பொழுது சாய்ந்தால் கண் தெரியாது.

எனக்கு அது தெரியவந்தது திருப்பரங்குன்றத்தில். எங்கள் இருவரையும் இந்தியப் பெண்கள் கால்பந்து அணிக்கு எடுத்த வாரம். நன்றி சொல்லிவிட்டு வரலாம் என்று கோயிலுக்குப் போயிருந்தோம். கூட்டத்தில் நேரமாகிவிட்டது. வெளியே வந்து பஸ் ஸ்டாப்புக்கு நடந்தபோது, தெருவில் நின்றிருந்த மாட்டுவண்டியில் நேராகப் போய் மோதினாள். பகலில் எந்த மூலைக்குப் பந்து வந்தாலும் பாய்ந்து பிடிக்கிறவள், இம்புட்டுப் பெரிய வண்டியைப் பார்க்கவில்லை. நான் சிரித்தேன். அவள் என் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியில் என் சிரிப்பு நின்றது.

"எங்கம்மாவுக்குத் தெரியும், இப்ப உனக்குத் தெரியும். அம்புட்டுத்தான். வெளிய சொன்னேன்னா என் பொழப்பு போச்சு. சத்தியம் பண்ணு" என்றாள். முருகன் மேல் சத்தியம் செய்தேன், கோயில் வாசலைப் பார்த்தபடி. நான் பயந்தாங்கொள்ளி என்பது உங்களுக்குப் புதிய செய்தி இல்லை. பல்லிக்குப் பயம், மேனேஜருக்குப் பயம், சாமிக்கு எல்லாவற்றையும்விடப் பயம். அன்றிலிருந்து பாண்டியம்மாளுக்கான பயமும் சேர்ந்துகொண்டது.

ஆசிய நாடுகள் ஆடும் பெரிய போட்டிக்கு நாங்கள் தகுதி பெற ஒரே ஓர் ஆட்டம் ஜெயிக்க வேண்டியிருந்தது. வெளியூரில், மதியம் மூன்றரை மணிக்கு ஆரம்பம். நான் பின்வரிசைத் தடுப்பாட்டக்காரி, எனக்குப் பின்னால் கோலில் அவள். ஒரு கோல் முன்னால் இருந்தோம். முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது, முகத்துக்கு வந்த பந்தைப் பயத்தில் கையால் தடுத்துவிட்டேன். பெனால்டி. எல்லோரும் என்னைத் திட்டினார்கள். பாண்டியம்மாள் மட்டும் மேற்கே பார்த்தாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர்கள் கோல் போட்டுச் சமமானால் கூடுதல் நேரம் தருவார்கள். கூடுதல் நேரம் என்றால் ஆறு மணி. அந்த மைதானத்தில் எத்தனையோ ஆயிரம் பேர் பந்தைப் பார்த்தார்கள், நாங்கள் இரண்டு பேர் சூரியனைப் பார்த்தோம்.

அவள் அந்தப் பெனால்டியைப் பிடித்தாள். தட்டிவிடவில்லை, வயிற்றோடு சேர்த்துப் பிடித்தாள். விசில் ஊதியதும் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள். இறக்கிவிட்டதும் கோல் கம்பத்துக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தாள். "சந்தோஷத்துல பிள்ளைக்குக் குமட்டுது" என்றார் கோச். அவர் ரிட்டயரான மிலிட்டரிக்காரர், சென்னையில் வெகுகாலம் இருந்ததால் தமிழ் நன்றாகவே பேசுவார். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். "வசந்தா, இன்னைக்கு முருகன் காப்பாத்திட்டாருடி. தினமும் காப்பாத்துவாரா?" என்று கேட்டாள்.

ஆயத்த முகாம் மதுரையிலேயே நடந்தது. பல மாநிலத்துப் பெண்கள் ஒரு பள்ளிக்கூட வகுப்பறைகளில் தங்கியிருந்தோம். டாக்டர் வந்து பகல் வெளிச்சத்தில் எழுத்து அட்டையைக் காட்டினார். கடைசி வரியைக்கூட மடமடவென்று வாசித்துவிட்டு, என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். காலைப் பயிற்சிதான் என்பதால் இரண்டு வாரம் சமாளித்தோம். திருநகரிலிருந்து என் அம்மா தினமும் முருங்கைக்கீரை பொரித்து அனுப்பினார். ஆட்டு ஈரல் தின்றால் தெளியும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கறிக்கடைக்குப் போயே பழகாத நான் போய் வாங்கி வந்தேன். சாயந்தரமானால் ஜன்னல் பக்கம் நின்று, என் விரல்களைக் காட்டி எத்தனை என்று கேட்பேன். முதலில் சரியாகச் சொல்வாள். பிறகு யோசிப்பாள். பிறகு, "போதும், போ" என்று திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

மூன்றாவது வாரம் கோச் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னார். போட்டியின் எல்லா ஆட்டங்களும் மின்விளக்கில், மாலை ஏழு மணிக்கு. ஆகவே இனி சாயந்தரம்தான் பயிற்சி. மற்றவர்கள் கை தட்டினார்கள். விளக்கு வெளிச்சத்தில் ஆடுவது அந்தக் காலத்தில் பெரிய கௌரவம். பாண்டியம்மாளும் தட்டினாள். அவள் கை தட்டுவதைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

முதல் நாள் வயிற்றுவலி என்றாள். இரண்டாம் நாள் தலைவலி. நான் இரண்டு தடவை கோச் அறை வாசல்வரை போனேன். சொன்னால் சாமி குத்தம், அவளுக்குத் துரோகம். சொல்லாவிட்டால் அவள் கோலில் நிற்பாள், நான் அவளுக்கு முன்னால் நிற்பேன், ஊர் உலகம் பார்க்கப் பந்துகள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். இரண்டு தடவையும் கதவைத் தட்டாமல் திரும்பிவிட்டேன். வெறும் தரையில் நடந்தாலும் கால் தடுக்கியது.

மறுநாள் காலை இறுதிப் பட்டியல் என்ற நிலையில், மூன்றாம் நாள் சாயந்தரம் அவளாகவே கிளம்பினாள். மைதானத்தின் நாலு மூலையிலும் சவுக்குக் கம்பம் நட்டு விளக்குக் கட்டியிருந்தார்கள். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, ஏதோ கதை பேசுகிற மாதிரி கோல் வரைக்கும் நடந்து வந்தாள். கம்பெனியில் போல்ட் அள்ளுவதற்குக் கொடுக்கிற காட்டன் கிளவுஸைத்தான் எப்போதும் போடுவாள். அதை மாட்டிக்கொண்டு, "சார், நான் பெனால்டி பிடிக்கிறேன். வசந்தா அடிக்கட்டும்" என்று சத்தமாகச் சொன்னாள்.

பந்தை வைத்துவிட்டு அவளைப் பார்த்தேன். அவள் என் பக்கம்தான் முகத்தை வைத்திருந்தாள், ஆனால் பார்வை என் தோளுக்கு மேலே எங்கோ இருந்தது. "நல்லா அடிடி" என்றாள்.

நேராக அவள் நெஞ்சுக்கு மெதுவாக உருட்டலாம். சத்தத்தை வைத்துப் பிடித்துவிடுவாள், கெட்டிக்காரி. பிடித்தால் நாளைப் பட்டியலில் அவள் பெயர் இருக்கும். அந்த நொடியில், உண்மையைச் சொல்கிறேன், நான் அவளை நினைக்கவில்லை. விளக்கு வெளிச்சத்தில் அவளுக்கு முன்னால் நிற்கப்போகும் என்னை நினைத்தேன். பயத்தில் உடம்பெல்லாம் வேர்த்தது. இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து இடது மூலைக்கு அடித்தேன்.

பந்து வலையில் விழுந்த பிறகுதான் அவள் அசைந்தாள், அதுவும் எதிர்ப் பக்கம். "இன்னொன்னு" என்றாள். அடித்தேன். "இன்னொன்னு." ஐந்து பந்து. ஐந்தும் கோல். சிரித்துக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக அமைதியாகிவிட்டார்கள். கோச் அவளருகே போய், முகத்துக்கு எதிரே மூன்று விரலை நீட்டினார்.

"இது எத்தனை?"

"சார், கையை நீட்டியிருக்கீங்களா?" என்றாள் பாண்டியம்மாள்.

அவர் விரல்களை மடக்கிக்கொண்டார். "லிஸ்ட்ல உன் பேர் இருக்காதும்மா" என்றார். "தெரியும் சார்" என்றாள். அப்புறம் கையை நீட்டி என்னைத் தேடினாள். நான் போய் மணிக்கட்டைக் கொடுத்தேன்.

நாங்கள் ரயிலேறிய அன்று அரைநாள் லீவு போட்டு ஸ்டேஷனுக்கு வந்தாள். அவள் இடத்துக்கு வந்த வங்காளப் பெண்ணிடம் அந்தக் காட்டன் கிளவுஸைக் கொடுத்து, பாஷை தெரியாததால் சைகையிலேயே ஏதேதோ சொல்லிக்கொடுத்தாள். "பொழுது சாயமுன்ன போறேன்" என்று கிளம்பிவிட்டாள். போட்டியில் நாங்கள் கோப்பை வாங்கவில்லை, மானக்கேடாகத் தோற்கவும் இல்லை. திரும்பி வந்த பிறகு நான் அவளைப் பார்க்கப் போவதைக் குறைத்துக்கொண்டேன். தீபாவளிக்கு ஒருதரம், அவள் கல்யாணத்துக்கு ஒருதரம். பிற்பாடு கண் டாக்டரிடம் காட்டியபோது, பிறவியிலேயே உள்ளது, மருந்து கிடையாது என்று சொல்லிவிட்டார்களாம். அதைக்கூட மூர்த்தி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

இரண்டு வாரத்துக்கு முன், படுத்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டு மதியம் போனேன். கண்ணெல்லாம் மஞ்சள். சாத்துக்குடியை உரித்துக்கொண்டே, இத்தனை வருடம் நெஞ்சில் கிடந்ததைச் சொல்லிவிட்டேன். "பாண்டி, அன்னைக்கு நீ சொன்னேன்னு அடிக்கலடி. பயந்துபோய் அடிச்சேன். எனக்காக அடிச்சேன்."

அவள் சிரித்தாள். "அது தெரியாமலா உன்னையக் கூப்புட்டேன்? மத்தவளுக அம்புட்டுப் பேரும் தைரியக்காரிக. எம்மேல உள்ள பாசத்துல மெதுவா உருட்டி விட்டுருப்பாளுக. நானும் பிடிச்சிருப்பேன். பிடிச்சுட்டேன்னா வாயத் தொறந்து சொல்லியிருக்கவே மாட்டேன், அந்த இந்தியா டீம் சட்டை மேல எனக்கு அம்புட்டு ஆசை. நீ ஒருத்திதான் பயத்துல ஒழுங்கா அடிப்பேன்னு நெனச்சேன். மோசம் பண்ணிராதன்னு சாமிய வேற கும்பிட்டேன்." பிறகு, "அழுகாத. சுளையக் குடு" என்றாள்.

என் பயத்தை வீட்டில் கேலி செய்தார்கள், ஆபீஸில் கேலி செய்தார்கள், நானே நிறைய வெட்கப்பட்டிருக்கிறேன். அதை நம்பி ஒரு காரியத்தை ஒப்படைத்தவள் அவள் ஒருத்திதான். அவளிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த நம்பிக்கையைத்தான். பயம் போகவில்லை. இதை எழுதும்போதுகூட, சத்தியத்தை மீறுகிறோமே என்று உள்ளுக்குள் உதறுகிறது.

போன் வந்த அன்று, இறுதிச் சடங்கெல்லாம் முடிந்து நான் கிளம்ப ஆறு மணி தாண்டிவிட்டது. கப்பலூர் ரோட்டில் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். வழியில் ஒரு மாட்டுவண்டி ஓரமாக நின்றிருந்தது. இடது மணிக்கட்டைச் சற்றுத் தூக்கி வைத்துக்கொண்டு, "பாத்து, இந்தப் பக்கமா வா" என்றேன்.