எந்த மொழியில் கேட்கிறீர்கள்?

போன வாரம் பாளையத்து லைப்ரரியிலிருந்து மனித சுபாவத்தைப் பற்றிய ஒரு விஞ்ஞானப் புத்தகம் எடுத்து வந்தேன். கடைசிப் பக்கங்களில் நம்மை நாமே சோதித்துக்கொள்ளக் கேள்விகள். 'புதியவர்களிடம் தயங்காமல் பேசுவீர்களா?' என்பது முதல் கேள்வி. பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு, காபி ஆறும்வரை யோசித்தேன். எந்த மொழியில் என்று கேட்கவில்லையே.

நல்லவேளை, நடுவில் ஓர் அத்தியாயத்தில் அதையும் தொட்டிருந்தார்கள். இரண்டு மொழி பேசுகிறவர்களின் சுபாவம் மொழிக்கு மொழி கொஞ்சம் மாறும் என்கிறார்கள் சிலர். அதெல்லாம் மிகை என்கிறார்கள் வேறு சிலர். விஞ்ஞானிகள் மெதுவாக முடிவு செய்யட்டும். என் விஷயத்தில் அப்பா ஒரே மத்தியானத்தில் முடிவு செய்துவிட்டார்.

விஞ்ஞானத்துக்கும் எனக்கும் என்ன உறவு என்று சொல்லிவிடுகிறேன், பெரிதாக நினைத்துவிடாதீர்கள். கரமனையில், பள்ளிக்கூட லேபுகளுக்குக் கண்ணாடிக் குழாயும் குடுவையும் விற்கிற ஒரு சின்னக் கம்பெனியில் எனக்கு முதல் வேலை. சரக்குப் பெட்டியைத் திறந்தால் வைக்கோல் வாசனை வரும். உள்ளே கைவிட்டு, உடைந்தது எது, உடையாதது எது என்று பார்க்க வேண்டும். இன்றைக்கும் வைக்கோல் வாசனை வந்தால் முதலில் விரலைத்தான் பார்த்துக்கொள்கிறேன்.

அங்கே எல்லாம் மலையாளம். மலையாளத்தில் நான் ரௌடி. வலியசாலையில் எங்கள் வீட்டில் தமிழ். தமிழில் இன்னொரு கரண்டி ரசம் கேட்கக்கூட அம்மாவின் முகத்தைப் பார்ப்பேன். வேஷமெல்லாம் இல்லை. மலையாளத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு சண்டை போட்டு வளர்ந்தேன். தமிழில், பெரியவர்கள் பேசக் கேட்டு வளர்ந்தேன். 'மாட்டேன்' என்ற வார்த்தை தெரியாமலில்லை, வாயில்தான் வராது.

கம்பெனி எர்ணாகுளத்தில் ஒரு கிளை திறந்தபோது, மானேஜர் அதை என்னைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். ஆசை என்றால் அப்படி ஓர் ஆசை எனக்கு. ராத்திரிச் சாப்பாட்டில் அப்பா அதை முடித்து வைத்தார்.

"அவள் பாவமாக்கும். பஸ்ஸுல டிக்கெட் கேட்கக்கூட வாய் வராது."

என் வாதம் முழுவதும் மனசுக்குள் மலையாளத்தில் தயாராக இருந்தது. சாதத்தைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள், மானேஜரிடம் நேரிலேயே மறுத்துவிடலாம் என்று அப்பா கிளம்பி வந்திருக்கிறார். எனக்குத் தெரியாது. அன்று வந்த பெட்டியில் பாதிக் குழாய்கள் தூள். கொண்டுவந்த ஏஜென்ட்டோ எல்லாம் சரி என்று கையெழுத்துப் போடச் சொல்கிறார். நீங்களே ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள், விரல் வெட்டினால் மருந்து நான் போடுகிறேன், அப்புறம் கையெழுத்து என்று தெருவுக்கே கேட்கும்படி மலையாளத்தில் ஆரம்பித்தேன். ஏஜென்ட் பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனபோதுதான் பார்த்தேன், வாசலில் குடையோடு அப்பா.

அவர் மானேஜர் அறைக்குப் போகவே இல்லை. வேலை முடியும்வரை வெளியே காத்திருந்து, என்னோடு வீட்டுக்கு நடந்தார். கிள்ளிப்பாலம் வரை குடையை ஊன்றிக்கொண்டு இரண்டடி முன்னாலேயே போனார். கோபம் என்றுதான் நினைத்தேன். பாலத்தருகே நின்றார்.

அப்பா எங்களிடம் மலையாளம் பேசியதே கிடையாது. அது அவருக்கு வெளியாரோடு பேசுகிற பாஷை. அன்று என் முகத்தைப் பார்க்காமல், ஆற்றைப் பார்த்தபடி கேட்டார்.

"நினக்குப் போணோ?"

உனக்குப் போகணுமா என்கிறார்.

"போணம்" என்றேன். யோசிக்கவே இல்லை.

அதற்குப் பிறகு தமிழுக்கு வந்துவிட்டார். எர்ணாகுளத்துக்காரர்கள்தான் இனிமேல் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்றார். அனுமதி கிடைத்தது அப்படித்தான். எனக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது.

எர்ணாகுளத்திலிருந்து லீவில் வரும்போதெல்லாம், முக்கியமான எதையும் அப்பா என்னிடம் மலையாளத்தில்தான் கேட்பார். அம்மா அடுப்படியிலிருந்து முணுமுணுப்பாள். மெல்ல மெல்லத் தமிழிலும் எனக்கு வாய் திறந்தது. சுபாவம் வயதான பிறகும் மாறும் என்கிறது புத்தகம். அதை முழுசாக நம்புகிறேன். தள்ளாத வயதில் அப்பா தனியாகக் காசிக்குப் போகிறேன் என்றபோது, விடவே மாட்டேன் என்று தமிழிலேயே சத்தம் போட்டேன். அப்பாவுக்கு வாயெல்லாம் சிரிப்பு. சிரித்துக்கொண்டே போயும் வந்தார்.

அந்தக் கம்பெனி இப்போது இல்லை. கண்ணாடிக் குழாய்கள் தெர்மோகோலில் வருகின்றனவாம், வாசனையே கிடையாது. எனக்குத் தமிழில் நன்றாகவே சண்டை போட வருகிறது. போடுவதற்கு அப்பாதான் இல்லை.