பொம்மைப் படத்து ஒட்டகம்

பிள்ளை பார்க்கிற படத்தில் யார் யார் என்று பெற்றவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்த வரைக்கும் தெருவுக்கே சொன்னேன். வம்பு அங்கேதான் வந்தது.

நாங்கள் இருந்தது பரமத்தி வேலூர் போகிற ரோட்டை ஒட்டின தெரு. எண்பதுகளில் எங்கள் தெருவுக்கு ஒரே டிவி. லாரி ஓனர் வீட்டில் இருந்தது. மரப் பெட்டி, இழுத்து மூடுகிற கதவு, கறுப்பு வெள்ளைப் படம். ஓனருக்கு மூன்று லாரி. அதில் ஒன்றை ஓட்டியது என் வீட்டுக்காரர்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பொம்மைப் படம் போடுவார்கள். எல்லாம் மிருகங்கள். பேசுவது இந்தி. தெருப்பிள்ளைகள் அத்தனையும் ஓனர் வீட்டு வாசலறையில் உட்கார்ந்திருக்கும். என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. தனியாக விட மனமில்லாமல் நானும் கூடப் போவேன். சும்மா உட்கார்ந்து பார்க்க முடியாது. ஓனரம்மா முறத்தை நகர்த்தி வைப்பார். நான் கடலைக்காய் உரிப்பேன். யாரும் உரிக்கச் சொன்னதில்லை. நான் உரிக்காமல் இருந்ததும் இல்லை.

இந்தி அங்கே ஒருத்தருக்கும் தெரியாது. பிள்ளைகள் படத்தைப் பார்த்துக் கதையை அவர்களே கட்டிக்கொண்டார்கள். தலைப்பாகை கட்டின குண்டுப் பூனை மணியகாரர். எந்நேரமும் தின்றுகொண்டே இருப்பார். தோளில் பை மாட்டின நரி பஸ் கண்டக்டர். முதுகெல்லாம் முள் நிற்கிற முள்ளம்பன்றி கணக்கு வாத்தியார். முயலம்மா பிள்ளைகளை அடித்துவிட்டு, பிறகு கட்டிப்பிடித்து அழுவாள். அவள் ஓனரம்மா மாதிரி என்று பிள்ளைகள் தங்களுக்குள் சொல்லிச் சிரிக்கும். ஓனரம்மாவுக்குத் தெரியாது.

தண்ணிக் குழாயடியில் மற்ற அம்மாக்கள் என்னிடம் கேட்பார்கள்.

"ஏம்மிணி, அதாரு நரி? எம்பட பையன் பெருசானா நரியாட்டம் போறேங்கிறானே."

"அது கண்டக்டருங்க்கா. நல்ல நரிதான்."

"நல்லதா? அப்பச் செரி, போவட்டும்."

நான் நாலாவதோடு நின்றவள். வீட்டில் ராட்டை வைத்துத் தறிக்கு நூல் தார் சுற்றுகிறவள். என்னிடம் ஆட்கள் வந்து விவரம் கேட்டது அந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

அந்தப் படத்தில் ஒட்டகம் ஒன்று வரும். எல்லா வாரமும் வராது. வருகிற வாரம் முதுகு நிறைய மூட்டையோடு வரும். ஊரே கூடி மூட்டையை இறக்கும். கொஞ்ச நேரத்தில் கிளம்பிவிடும். கிளம்பும்போது எல்லா மிருகங்களும் குச்சியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடும். பழத்தை எடுத்து ஒட்டகத்தின் மேல் எறியும்.

எங்கள் பிள்ளைகளுக்கு அது விளங்காத விஷயமே இல்லை. எங்கள் தெருவில் லாரி கிளம்பினால் முன்சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்போம். லாரி அதை நசுக்கிக்கொண்டு போகும். பிள்ளைகள் வேப்பங்குச்சியை ஆட்டிக்கொண்டு மெயின் ரோடு வரைக்கும் பின்னாலேயே ஓடும். அதேதான் டிவியிலும். ஒட்டகத்தை வழியனுப்புகிறார்கள், எலுமிச்சம்பழம் போடுகிறார்கள். கறுப்பு வெள்ளையில் எல்லாப் பழமும் ஒரே நிறம்.

என் வீட்டுக்காரர் மாதத்தில் பாதிக்கு மேல் ரோட்டில் இருப்பார். நாக்பூர், இந்தூர் என்று போவார். வந்தால் ஒரு பகல் முழுக்கத் தூங்குவார். பிள்ளை அவர் இருக்கிற பக்கம் போகாது. என் சேலைக்குப் பின்னால் நின்று பார்க்கும். ஒருமுறை அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என் காதில் வந்து கேட்டது.

"அம்மா, இந்த ஒரம்பரை எப்பப் போவாங்க?"

எங்கள் பக்கம் விருந்தாளியை ஒரம்பரை என்போம். அவர் காதிலும் விழுந்துவிட்டது. தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

அதற்குப் பிறகுதான் நான் ஒட்டகத்தைப் பிடித்தேன். அது டிவியில் வந்தபோதெல்லாம் மகளிடம் சொன்னேன். "பாரு சாமி, அதுதான் உங்கப்பா. மூட்டைச் செமையத் தூக்கிக்கிட்டுத் தூரமாப் போவும். போயிட்டுத் திரும்பி வரும்." மகள் அதைப் பிடித்துக்கொண்டாள். மற்றப் பிள்ளைகளிடமும் சொன்னாள். பிறகு ஒட்டகம் வந்தால் பிள்ளைகளே, "உங்கப்பா வந்துட்டாருடி" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அவள் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்காருவாள்.

அடுத்த முறை அவர் லாரி விட்டு இறங்கியபோது மகள் என் சேலைக்குப் பின்னால் போகவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள். லாரி கிளம்பும்போது எலுமிச்சம்பழத்தை அவளே வாங்கிச் சக்கரத்தடியில் வைத்தாள். அதிலிருந்து அது அவள் வேலை ஆனது. எனக்கு அது போதும் என்றிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் ஊரில் இருந்தார். குளித்துவிட்டுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓனரிடம் லோடு விவரம் கேட்க வந்தார். ஓனர் வெளியே போயிருந்தார். காத்திருக்கிற நேரத்துக்கு வாசற்படியில் உட்கார்ந்தார். டிவியில் பூனை ஏதோ சொன்னது. இவர் லேசாகச் சிரித்தார்.

எதிர் வீட்டுப் பையன் திரும்பிப் பார்த்தான். "மாமா, உங்களுக்கு இது தெரியுமுங்களா?"

"என்னது?"

"அது பேசறது."

"இந்திதான. தெரியும்."

டீக்கடையிலும் செக்போஸ்ட்டிலும் டயர்க் கடையிலும் பேசிப் பேசி வந்த இந்தி. எழுதப் படிக்க வராது. பிள்ளைகள் அவரைச் சுற்றிக்கொண்டன. நரி கண்டக்டர் இல்லை, போஸ்ட்மேன் என்றார். முள்ளம்பன்றி வாத்தியார் இல்லை, தையல்காரர். முள்ளெல்லாம் ஊசி. பிள்ளைகள் வாயைப் பிளந்தன. ஓனரம்மாகூட அடுப்படியிலிருந்து வந்து நின்றார்.

"இத்தன நாளா நாங்க ஊமப்படமல்ல பாத்துக்கிட்டு இருந்திருக்கறோம். இன்னும் சொல்லுப்பா."

மகள் அவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். அவர் பேச அத்தனை பேர் கேட்பதை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

அப்போது ஒட்டகம் வந்தது. "உங்கப்பா வந்துட்டாருடி" என்றது ஒரு பிள்ளை. என்ன பேச்சு அது என்று இவருக்கு விளங்கவில்லை. படத்தைப் பார்த்தார். மூட்டையை இறக்கியதும் ஒட்டகம் ஏதோ சொன்னது. அது சொன்னதைக் கேட்டதும் இவருக்குப் பெரிய சிரிப்பு வந்துவிட்டது. அவர் அப்படிச் சிரிக்கிற ஆள் இல்லை.

"அட திருட்டுப் பயலே" என்றார்.

"என்னங்க மாமா?"

"மணலைக் கொண்டாந்து சக்கரைன்னு விக்கிறான். வாயில போட்டுப் பாத்துட்டாங்க. அதான் குச்சியெடுத்துட்டுத் தொரத்தறாங்க. தக்காளியால அடிக்கறாங்க பாரு."

என் கையில் இருந்த கடலைக்காய் உடையாமல் நின்றது. நான் மகளிடம் சொன்னதை அவரிடம் சொன்னதில்லை. அவர் வீட்டில் விழித்திருக்கிற நேரம் கொஞ்சம். அதில் ஒட்டகத்தைப் பற்றிப் பேச நேரம் வரவில்லை.

எதிர் வீட்டுப் பையன் மகளைத் திரும்பிப் பார்த்தான். "உங்கப்பன் மணல் விக்கிறவனாமா."

எல்லாப் பிள்ளைகளும் சிரித்தன. ஓனரம்மாவும் விவரம் தெரியாமல் சிரித்தார். மகள் அழவில்லை. எழுந்தாள். அவரைத் தாண்டித்தான் படியிறங்க வேண்டும். அவர் மேல் பாவாடை படாமல் ஒதுங்கி இறங்கிப் போனாள்.

வீட்டுக்கு வந்து அவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். ராட்டைக்குப் பின்னால் பிள்ளை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது.

"ஒட்டகத்தையா சொன்னெ? வேறொண்ணும் கெடைக்கலயா உனக்கு?"

"செமை தூக்கிட்டுத் தூரம் போறது அதுல அது ஒண்ணுதானுங்க."

"நானே சிரிச்சுப் போட்டனே" என்றார். பிறகு, "மத்ததெல்லாம் ஆரு? மொதல்ல இருந்து சொல்லு" என்றார்.

சொன்னேன். மணியகாரர், கண்டக்டர், கணக்கு வாத்தியார், முயலம்மா. புது ரூட்டில் போகிறவர் எங்கே மேடு, எங்கே செக்போஸ்ட் என்று கேட்டுக்கொள்வதுபோலக் கேட்டுக்கொண்டார். ஓனரம்மா விஷயம் வந்தபோதுகூடச் சிரிக்கவில்லை.

பிள்ளை பக்கமாகத் திரும்பிச் சொன்னார். "சாமி, அப்பா தெரியாமச் சொல்லிப்போட்டேன். நரி கண்டக்டர்தான்."

பிள்ளை சுவரைப் பார்த்தபடியே சொன்னது. "போஸ்ட்மேன்னு சொன்னீங்க."

அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஓனரிடம் லோடு விவரம் கேட்கக் கிளம்பினார்.

மறுநாள் காலையில் லோடு தயார். சேகோ பாக்டரியிலிருந்து ஜவ்வரிசி ஏற்றி, தார்ப்பாய் கட்டி, லாரி ஓனர் வீட்டு முன்னால் நின்றது. பிள்ளைகள் வேப்பங்குச்சியோடு கூடிவிட்டன. எதிர் வீட்டுப் பையன் கையில் ஒரு அழுகல் தக்காளி இருந்தது. மகள் வீட்டைவிட்டு வரவில்லை.

லாரி கிளம்பும்போது எப்போது வருவீர்கள் என்று கேட்கக் கூடாது. பின்னாலிருந்து கூப்பிடவும் கூடாது. இப்படியே போனால் திரும்பி வரும்போது பிள்ளைக்கு அவர் மறுபடியும் ஒரம்பரைதான். இந்தத் தடவை சேலைக்குப் பின்னால் போனால் வெளியே வரவைக்க என்னிடம் ஒட்டகமும் இல்லை. அதை நினைத்துக்கொண்டு சும்மா நின்றேன்.

ஓனர் வந்தார். "என்னப்பா நிக்கிறே? நல்ல நேரம் போவுது."

"எலுமிச்சம்பழம் வெக்கலீங்க."

"எடுத்து வெச்சுப்போட்டுக் கெளம்பு."

"அது பாப்பா வெக்கறதுங்க."

ஓனர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். கிளம்பின ஆள் மறுபடியும் உள்ளே நுழையக் கூடாது. வெளியே நின்றே பேசினார்.

"சாமி. என்ன லோடுன்னு நீ கேக்கவே இல்லியே."

பழத்தை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, நின்ற இடத்திலிருந்தே உள்ளே எட்டிப் பார்த்தார்.

"வந்து பாரு. மணலா இருந்தா நீயே தக்காளியில அடி. நா வாங்கிக்கறேன்."

கொஞ்சம் கழித்து நிலைப்படியில் வந்து நின்றாள். அவர் கையை நீட்டினார். அவள் கையைப் பிடிக்கவில்லை. ஆனால் கூட நடந்தாள். லாரிப் பக்கம் போனதும் அவர் கேட்காமலே தூக்கி மேலே உட்காரவைத்துத் தானும் ஏறினார். கட்டின கயிற்றைக் கிளம்புகிற நேரத்தில் எந்த டிரைவரும் அவிழ்க்க மாட்டான். அவர் ஒரு முனையை அவிழ்த்தார். தார்ப்பாயைத் தூக்கி, மூட்டைத் தையலில் விரலை விட்டு நிமிண்டினார். அவள் உள்ளங்கையில் ஜவ்வரிசி விழுந்தது.

வெள்ளையாக, உருண்டையாக இருந்தது. வாயில் போட்டாள். கடித்தாள்.

"கல்லாட்டம் இருக்குது."

"வேவிச்சாத்தான் திங்க முடியும். பாயசம் வெக்கறது."

"அங்க போயி என்னன்னு சொல்லி விப்பீங்க?"

"ஜவ்வரிசின்னுதான்."

"சக்கரைன்னு சொல்ல மாட்டீங்க?"

"நா எதுக்குச் சொல்றேன்."

இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டாள். மேலிருந்தபடியே எதிர் வீட்டுப் பையனைக் கூப்பிட்டாள். "டேய், வாயத் தொற." அவன் திறந்தான். போட்டாள். அவன் மென்று பார்த்துவிட்டு, "ஜவ்வரிசிதான்டி" என்றான். எல்லாப் பிள்ளைகளும் வாயைத் திறந்துகொண்டு லாரி ஓரமாக வந்துவிட்டன.

"ஏப்பா, லோடு பூராத்தையும் இங்கியே தின்னு தீத்துருவீங்களாட்டம் இருக்குது" என்றார் ஓனர். ஆனால் தடுக்கவில்லை.

அவர் கயிற்றை மறுபடியும் இழுத்துக் கட்டினார். மகள் இறங்கிப் போய் எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தடியில் வைத்தாள். ஒருதரம் வைத்துவிட்டு, சரியாக நசுங்குமா என்று குனிந்து பார்த்து, இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தாள். லாரி நகர்ந்தது. பிள்ளைகள் பின்னாலேயே ஓடின. பையன் தக்காளியை விட்டெறிந்தான். கையில் இருந்ததை வீணாக்க மனமில்லை போலிருக்கிறது. அது பின்பலகையில் பட்டுச் சிதறியது. மகள் எல்லோருக்கும் முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமையும் போனோம். நான் கடலைக்காய் உரித்தேன். ஒட்டகம் வந்தது. மகள் முன்னால் நகரவில்லை.

"அம்மா, இது அப்பா இல்ல."

"இல்ல சாமி."

"அப்பா இதுல வர மாட்டாங்க. இதுல எல்லாரும் பொம்மை."

"ஆமா."

நரியை மட்டும் பிள்ளைகள் விடவில்லை. போஸ்ட்மேன் என்று தெரிந்த பிறகும் கண்டக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். குழாயடியிலும் நான் மாற்றிச் சொல்லவில்லை.

அவர் திரும்பி வந்தது ஒரு சாயங்காலம். லாரிச் சத்தம் கேட்டதும் நான் ராட்டையை நிறுத்தினேன். எனக்கு முன்னால் அவள் வெளியே போய்விட்டாள். அவர் இன்னும் இறங்கவில்லை. இன்ஜினை அப்போதுதான் அணைத்திருந்தார். முகமெல்லாம் புழுதி. அவள் கீழே நின்று தலையைத் தூக்கிக் கேட்டாள்.

"என்ன லோடு?"

"ஆரஞ்சு."

"காட்டுங்க."

அவர் சோறு கேட்கவில்லை, தண்ணீர் கேட்கவில்லை. இறங்கிப் பின்னால் போய்க் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.