அவர் கையில் இருந்தது புத்தகம்

நாங்கள் குடியேறிய பார்க்கிங் என்ற ஊரில், எங்கள் கத்தோலிக்கக் கோவில் மண்டபத்தில் வைத்துப் பெட்டியை உடைத்தார்கள். உள்ளே, தமிழ்நாட்டில் சொல்லிச் செய்வித்த சிலை, எங்கள் பாதுகாவலியான புனிதையின் சுரூபம். முதலில் சக்கரம் தெரிந்தது, பிறகு வாள். இடக்கையைப் பார்த்ததும் எனக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. புத்தகம் இருக்க வேண்டிய கையில் செபமாலை.

அந்தப் புனிதை அலெக்சாந்திரியாவில் பிறந்த வேதசாட்சி. பதினெட்டு வயதில், பேரரசனின் முன்னால் ஐம்பது அறிஞர்களை வாதில் வென்றவர் என்பது மரபு. ஆத்திரத்தில் அவன் அவரை முட்சக்கரத்தில் கட்டச் சொன்னான், சக்கரம் உடைந்தது, தலையை வெட்டினார்கள். அவர் வாழ்ந்ததற்கே சான்று போதாது என்று ஆய்வாளர்கள் சொல்வதும் எனக்குத் தெரியும். இருந்தாலும் ஐந்தாம் வகுப்போடு நின்ற என் அம்மா, என் ஒவ்வொரு பரீட்சைக்கும் அவருக்குத்தான் மெழுகுதிரி ஏற்றினார். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். திருநாளில் வாசிக்கும் சரித்திரத்தை எழுதச் சொல்லி என்னைக் கேட்டபோது பெருமையோடுதான் எழுதினேன். ‘கையில் புத்தகம்’ என்றும் எழுதியிருந்தேன்.

“அங்கிள், புத்தகம் எங்க?”

“நான்தான் மாத்தச் சொன்னனான்,” என்றார் திருநாள் குழுத் தலைவர். “பொம்பிளைச் சுருவத்துக்குச் செபமாலைதான் வடிவு.”

“அவ செத்து எத்தனையோ நூற்றாண்டுக்குப் பிறகுதான் செபமாலையே வந்தது.”

“உதை ஆர் பாக்கப் போகினம்? நீ எழுதினதிலயும் செபமாலை எண்டு மாத்திவிடு.”

“ஏலாது.”

அவர் மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். “பிள்ளை ஐம்பது பேரோட வாதாட வந்திருக்கிறா. நாங்கள் இஞ்ச ஆறு பேர்தானே, மிச்ச ஆக்களுக்கு எங்க போறது?”

அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். “ஒரு சொல்தானே பிள்ளை, விடு.” அதுதான் இன்னும் சுட்டது. என்னைப் படிப்பிக்க இரட்டை ஷிப்ட் செய்தவர் அவர்.

திருநாளன்று எழுதியதை எழுதியபடியே வாசித்தேன். ‘இந்தச் சுரூபத்தில் இருக்கும் செபமாலை அவருடையது அல்ல’ என்று ஒரு வரியும் சேர்த்தேன். தலைவர் ஒலிவாங்கியை என் கையிலிருந்து வாங்கிப் பாட்டைத் தொடங்கினார்.

அது போன வருடம். இந்த வருடம் வாசிக்க வேறொருவரைப் போட்டிருக்கிறார்கள். எழுத்து என்னுடையதுதான். அச்சடிக்கப்போகும் தாளை எனக்கும் அனுப்பியிருந்தார்கள்: புத்தகம் செபமாலையாகியிருக்கிறது, கீழே நன்றி என்று என் பெயர். நேற்றுத் தலைவரைத் தொலைபேசியில் பிடித்தேன். “ஒண்டில் என்ர சொல்லைப் போடுங்கோ, இல்லாட்டி என்ர பேரை எடுங்கோ.”

அவர் யோசிக்க ஒரு நொடிகூட எடுக்கவில்லை.

“பேரை எடுக்கிறன் பிள்ளை.”