வெஸ்டர்ன் ஸ்பிரிங்ஸில் ஒரு குண்டுவீச்சு விமானத்தின் கீழே

போரில் இறந்த வீரர்களை இங்கே நினைவுகூரும் அன்சாக் தினத்தை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை எங்கள் இருவருக்கும் ஒன்றாக விடுமுறை கிடைத்தது. எனக்கு நியூசிலாந்தின் ஆக்லாந்தில், பாட்டனி டவுன்ஸ் பகுதியில் துணிக்கடை வேலை. கணவர் ஜூட் ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். இப்படி ஒரு நாள் அமைவதே அபூர்வம் என்பதால், நெடுநாளாகப் பார்க்க நினைத்த வெஸ்டர்ன் ஸ்பிரிங்ஸ் அருங்காட்சியகத்தின் விமானக் கூடத்துக்குக் கிளம்பினோம். இரண்டாம் உலகப் போரின் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம் ஒன்று அங்கே முழுசாக நிற்கிறது.

நாங்கள் குடியிருக்கும் மனுரேவாவிலிருந்து சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர். ரயிலில் நகர மையம் வரை முக்கால் மணி நேரம், அங்கிருந்து பேருந்தில் இருபது நிமிடம். வார இறுதியில் தண்டவாள வேலை இருந்தால் ரயிலுக்குப் பதில் பேருந்துதான், முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். நுழைவுச்சீட்டு வாங்கியதும் பழைய டிராம் ஒன்று உங்களை விமானக் கூடத்தில் கொண்டுபோய் இறக்கும். "முன்னாடி உட்காருங்கள், ஆட்டம் குறைவு" என்றார் டிராம் ஓட்டுநர். ஆட்டம் குறையவில்லை.

உள்ளே நுழைந்ததும் எனக்கு மூச்சே நின்றுவிட்டது. முப்பது மீட்டருக்கும் மேல் விரிந்த இறக்கைகள், நான்கு எஞ்சின்கள். தூத்துக்குடிக்காரியான எனக்குப் போர் விமானம் என்றால் குடியரசு தின அணிவகுப்பு மட்டும்தான். ஓடிப்போய் வயிற்றுப் பகுதிக்குக் கீழே நின்றேன். யாழ்ப்பாணத்துக்காரரான ஜூட் வரவில்லை. சுவரோரமாகவே நின்றார்.

அங்கே தன்னார்வலராக இருந்தவர் காலின், வயது எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். அவருடைய தந்தை இதே வகை விமானத்தில் வயர்லெஸ் இயக்குபவராக இருந்தவராம். ஒருநாள் இரவு ஜெர்மனிக்கு மேலே இறக்கை தீப்பற்றியது. விமானிக்கு இருபத்திரண்டு வயது. எல்லோரையும் குதிக்கச் சொன்னார். சுக்கானை விட்டால் விமானம் சுழன்று விழும், யாருமே குதிக்க முடியாது. அதனால் அவர் விடவில்லை.

"கடைசியாகக் குதித்தவர் என் அப்பா. விமானியின் தோளைப் பிடித்து இழுத்தார். அவர் தலையை ஆட்டிவிட்டு வாசலைக் கைகாட்டினாராம்," என்றார் காலின். "பாராசூட்டில் தொங்கிக்கொண்டே, விமானம் இன்னும் நேராகப் பறப்பதை அப்பா பார்த்தார். பிறகு அது விழுந்தது."

என் கண் கலங்கிவிட்டது. ஜூட் எப்போது பக்கத்தில் வந்தாரோ தெரியாது. என் காதருகே தமிழில் சொன்னார்: "குண்டு போட முந்தியோ, போட்ட பிறகோ எண்டு கேளும்."

"என்னங்க, அதைப் போய் எப்படிக் கேக்கிறது?"

"கேளும்."

கேட்டேன். காலின் விமானத்தை நிமிர்ந்து பார்த்தார். "போட்ட பிறகு. திரும்பி வரும் வழியில்," என்றார். பிறகு ஜூட்டைப் பார்த்து, "உங்களுக்கு இந்த விமானங்களைத் தெரியுமா?" என்று கேட்டார்.

"இதைத் தெரியாது. வேறு விமானங்களை, கீழே இருந்து," என்றார் ஜூட்.

காலின் கோபப்படவில்லை. மீதிக் கதையைச் சொன்னார். எழுபது வயதில் அவருடைய தந்தை அந்த விமானியின் கல்லறையைத் தேடி ஜெர்மனிக்குப் போனாராம். ரோஜாக்கள் வாங்கியிருந்தார். வழியில் அந்த ஊர்க்காரர்களின் கல்லறைகள், வரிசையாக, இவர்கள் குண்டு போட்ட அதே இரவின் தேதியோடு. சில கற்கள் மிகச் சின்னவை. அவர் எங்கேயும் பூ வைக்காமல் கையிலேயே கொண்டு பேருந்துக்குத் திரும்பிவிட்டார். "நண்பனுக்காவது வைத்திருக்கலாம் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் இருந்திருந்தால் உங்களோடு பேச ஆசைப்பட்டிருப்பார்." ஜூட் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

பக்கத்து ஏரிக்கரையில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தோம். ஜூட் சாப்பிடவில்லை. கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் முதல்முறையாகச் சொன்னார்.

"எனக்கு எட்டு வயசு. குருநகரில சந்தியில சைக்கிள் கடை வைச்சிருந்த ஒராள். பொம்மர் வருது எண்டு கத்திக் கத்தி, ரோட்டில நிண்ட பிள்ளையள் எல்லாரையும் பிடிச்சு பங்கருக்குள்ள தள்ளினவர். உள்ள இடம் முடிஞ்சுது. அவர் வாசலை மறைச்சுக்கொண்டு வெளியிலயே குந்தியிருந்தார். நாங்கள் வெளியில வரேக்க அவர் உயிரோட இல்லை."

"அவர் பேரு என்னங்க?"

"தெரியாது. நாங்கள் கடைக்காரர் எண்டுதான் கூப்பிடுறது."

அங்கேயே யாழ்ப்பாணத்துக்கு, என் மாமியாருக்குப் போன் போட்டோம். "ஓம், நல்ல மனுசன். பேர் ஞாபகம் வரேல்லையே தம்பி," என்றார். "அந்தக் குடும்பமும் இடம்பெயர்ந்து போட்டுது."

நீங்களும் போவதென்றால் காலை பத்து மணிக்கே போய்விடுங்கள், கூட்டம் இருக்காது. இரண்டு மணி நேரம் வேண்டும். கூடத்துக்குள் குளிரும், ஜாக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள். கூட வருபவர் விமானச் சத்தத்துக்குக் கீழே வளர்ந்தவர் என்றால், சீட்டு வாங்குவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அந்த விமானிக்கு ஒரு கல்லாவது இருக்கிறது, அதில் பெயர் இருக்கிறது. குருநகர்ச் சந்தியில் சைக்கிள் கடை வைத்திருந்தவரைத் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், பின்னூட்டத்தில் அவர் பெயரை மட்டும் எழுதுங்கள். ஜூட் தினமும் வேலை முடிந்து வந்ததும் பார்க்கிறார்.